சைரன் இல்லாத அணைக்கு ஓர் ஆள்

காலையில் புட்டும் கடலையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். விசாரணை நாளில் சாப்பாடு இறங்காது என்பார்கள், எனக்கு இறங்கியது. மனசாட்சிக்கு விரோதமாக ஒரு கையெழுத்துகூடப் போட்டவனில்லை நான்.

நான்கு துறைகளை ஒன்றாக்கி ஆட்களைக் குறைக்கும் பொறுப்பை அரசாங்கம் என்னிடம் கொடுத்தது. பட்டியலில் 'அணை சைரன் இயக்குபவர்' என்று ஒரு பணியிடம், ஆள் பெயர் வறீது. சைரன் கெட்டுப் பதினொரு வருடம். இல்லாத சைரனை இயக்க ஆள் எதற்கு? அந்த வரியை அடித்துவிட்டேன்.

வறீது திருவனந்தபுரத்துக்கே வந்து நின்றார். ஷட்டர் திறக்குமுன் ஆற்றோரமாகச் சைக்கிளில் போய், ஒவ்வொரு கடவுப் படித்துறையிலும் குளிப்பவர்களைக் கத்திக் கரையேற்றுவது அவர்தானாம்.

"சைரன்தான் கெட்டுப்போச்சு சாரே. நான் கெட்டுப்போகலையே" என்றார்.

ரசித்தேன். ஆனால் அவருடைய பணி விவரத்தில் சைக்கிளே கிடையாது. ஆளை வீட்டுக்கு அனுப்பாமல் என் அறை வாசலில் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். நான் இரக்கமில்லாதவன் அல்ல.

ஓணத்துக்கு நான்கு நாள் முன்பு மலையில் பேய்மழை, கீழே நல்ல வெயில். அரை மணி நேரத்தில் ஷட்டர் திறப்பதாக அணையிலிருந்து தகவல் வந்தது. வறீது உள்ளே வந்தார்.

"பள்ளிக்கூடம் லீவு சாரே, பிள்ளைங்க எல்லாம் ஆத்துலதான் கிடக்கும். கடவுச் சாயாக்கடைக்கு ஒரு போன் போட்டாப் போதும்."

"அது இப்போ உங்க வேலை இல்லையே சேட்டா. போய் உக்காருங்க."

அவர் போனுக்குக் கை நீட்டினார். நான் அதன்மேல் கை வைத்துக்கொண்டேன். முறைப்படி வட்டார அலுவலகத்துக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன், போய்ச் சேர்ந்த சீட்டு இதோ இருக்கிறது. அதை எடுத்துப் படிக்கும் எழுத்தரை முந்தின வாரம்தான் நீக்கியிருந்தேன். வறீது தெருவுக்கு ஓடி, எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று, லைன் கிடைப்பதற்குள் தண்ணீர் கடவைத் தாண்டிப் போய்விட்டது. ஏழு பேர். அதில் ஐந்து குழந்தைகள். அனுமதியில்லாமல் இருக்கையை விட்டுப் போனதற்கு அவருக்கு மெமோ கொடுத்தேன்.

போனை ஏன் தடுத்தேன் என்கிறீர்கள். ஆமாம், தெரிந்தேதான் தடுத்தேன். அந்த ஒரு போனால் பிள்ளைகள் பிழைத்திருந்தால், வறீதின் பணியிடம் தேவை என்றாகியிருக்கும். அப்புறம் நான் நீக்கிய மற்ற நானூறு பேரும் அதையே சொல்லிக்கொண்டு வருவார்கள்.

குறையைச் சரிசெய்யாமலும் இல்லை. புதுச் சைரன் வாங்கியாயிற்று, ஏழு கிலோமீட்டர் கேட்குமாம். அதை அழுத்த ஆள் கேட்டு அணையிலிருந்து கடிதம் வந்திருந்தது. அப்படியொரு பணியிடம் இல்லை என்று இன்று காலை பதில் எழுதிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன்.