முட்டித் தகடு

உங்கள் சுவர்க் கடிகாரம் இருபது நிமிடம் பிந்தி ஓடுகிறது, ஐயா. உள்ளே வந்ததுமே சொன்னேன். "அது கெடக்கட்டும், வந்த விஷயத்தச் சொல்லுங்க" என்றீர்கள். உள்ளே தூசி அடைந்திருக்கும், வேறொன்றுமில்லை. கழற்றித் தந்தால் பத்து நிமிட வேலை. கண்ணில் பட்ட பழுதை விட்டுவிட்டுப் போனால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

தேத்தண்ணி நன்றாக இருந்தது. முதலில் இருந்தே சொல்கிறேன். பாதியில் ஆரம்பித்தால் நீங்கள் என்னைக் கெட்டவன் என்று எழுதிவிடுவீர்கள்.

பெயர் ஜூட்சன். லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைப் பெக்டரியில் இருபத்திரண்டு வருடமாகப் பிட்டர். போன வருடம் தோட்டத்துத் தொரையின் பங்களாவுக்குக் கூரை மாற்றினார்கள். பின்னறைச் சாமான்களை லொறியில் ஏற்றும்போது ஒரு மேசை வந்தது. நாலு கால், மேலே பத்துத் தந்தி, அடியில் மூன்று மிதி, இரண்டு முட்டி நெம்பு. துணி தேய்க்கிற மேசை என்று ஏற்றியவர்கள் சிரித்தார்கள். தொரை, பழைய இரும்புதானே, வேண்டுமென்றால் கொண்டு போ என்றார்.

அது பெடல் ஸ்டீல் கிட்டார். முன்னால் உட்கார்ந்து, தந்திமேல் ஓர் இரும்புத் துண்டை வழுக்கிக்கொண்டே, காலால் மிதித்து, முழங்காலால் தள்ளி வாசிக்க வேண்டும். எந்தக் காலத்துத் தொரையோ விட்டுப் போனது. துருவிலும் எலிப் புழுக்கையிலும் கிடந்த அதைப் பதினொரு மாதம் கழற்றினேன், மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன், அரம் போட்டேன். "பொணத்துக்கு எண்ணெ தேய்ச்சது போதும், சாப்பிட வாங்க" என்பாள் என் மனைவி ஏஞ்சலா. அவளைக் குறை சொல்ல மாட்டேன். தோட்டம் தந்த ஒற்றை அறை லயத்துக் காம்பராவில் ஒரு கட்டில் போடவே இடமில்லை. இது வேறு நடுவில் நாலு காலையும் பரப்பிக்கொண்டு நின்றது.

பெக்டரியில் எந்த மெஷினைத் திருத்தினாலும் அது திரும்பவும் அரைக்கத்தான் செய்யும். இது ஒன்றுதான் திருத்தத் திருத்த எனக்கு ஏதாவது தந்தது. அதை நீங்கள் எழுதிக்கொண்டால் நல்லது.

முட்டி நெம்புகள் இரண்டுக்கும் இழுகம்பி இல்லை. முழங்காலால் நெம்பைத் தள்ளினால் அந்தக் கம்பி இழுத்து, தந்தியின் சுருதி மெதுவாக இறங்கும். விட்டதும் பழைய இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். சைக்கிள் ஸ்போக்ஸ் போட்டுப் பார்த்தேன், வளைந்தது. ஹட்டனில் வாங்கிய கம்பி நீண்டது. சத்தம் இறங்கும், திரும்பி ஏறாது.

சரியான கம்பி பெக்டரியில் இருந்தது. ரொட்டர்வேன் தெரியுமா, ஐயா? இறைச்சி அரைக்கிற மெஷினை ஆள் நீளத்துக்குச் செய்தால் அதுதான். வாய்க்குள் தேயிலைக் கொழுந்தைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தடியால் தள்ளச் சொல்லியிருக்கிறது, ஆனால் அடைத்துக்கொண்டால் எல்லாரும் கையால்தான் தள்ளுவார்கள். அதற்காகவே முட்டி உயரத்தில் ஒரு தகடு வைத்திருக்கிறது. கை சிக்கினால் முழங்காலால் தகட்டைத் தள்ள வேண்டும். உள்ளே ஒரு கம்பி இழுத்து மெஷினை நிறுத்திவிடும். அதே தடிப்பு, அதே நீளம், நுனியில் அதே மரை. அளந்து பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

ஒரு நாளைக்கென்றுதான் கழற்றினேன். கிட்டாரில் போட்டு, முழங்காலால் தள்ளினேன். சத்தம் இறங்கி, நின்று, விட்டதும் ஒரு மயிரிழை பிசகாமல் ஏறியது. ஏஞ்சலா கூட அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

மெஷினுக்குப் புதுக் கம்பி ஒன்று செய்யச் சொல்லிக் கொழும்பில் ஒரு லேத்துக்காரரிடம் கேட்டிருந்தேன். மூன்று வாரத்தில் வந்தது. ஆனால் கிட்டாரில் இரண்டாவது நெம்பு இன்னும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. எதற்குப் போடுவது என்று யோசித்தபடி எட்டு நாள் அதைப் பையிலேயே வைத்திருந்தேன். மெஷினைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான்.

ஒன்பதாம் நாள் காலை ஏழு மணிக்கு அம்மாக்கண்ணுவின் கை போனது. கொழுந்து தள்ளுகிற பொம்பிளை, புருஷன் செத்தவள், ஒரே மகள். சத்தம் கேட்டு முதலில் ஓடியது நான்தான். மெயின் சுவிட்சை அணைத்தேன். முழங்கைக்கு மேல்வரை உள்ளே இருந்தது. கூட நின்ற விஜிதரனை லொறி கொண்டுவர அனுப்பினேன். மெஷினின் தண்டைக் கையால் பின்னுக்குச் சுற்றினால் கை வெளியே வரும். அது எனக்குத் தெரியும், அங்கே வேறு யாருக்கும் தெரியாது.

நான் அவள் காலடியில் மண்டியிட்டேன். அவள் குனிந்து பார்த்தாள். விடுவிக்கத்தான் உட்கார்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

"அண்ணே, முட்டியால தள்ளுனேன். நிக்கல, அண்ணே."

"பேசாம இரு தங்கச்சி" என்றேன்.

பையிலிருந்து புதுக் கம்பியை எடுத்து, தகட்டுக்குப் பின்னால் கோத்து, மரை முடுக்கினேன். ஆறு நிமிட வேலை. நாலு நிமிடத்தில் முடித்தேன். அதன்பிறகு தண்டைப் பின்னுக்குச் சுற்றினேன். கீழே ரத்தம் வடிகால்வரை போயிருந்தது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே லொறியில் உயிர் அடங்கிவிட்டது.

விசாரணைக்கு வந்தவர்கள் தகட்டைத் தள்ளிப் பார்த்தார்கள். மெஷின் நின்றது. அவளுடைய கவனயீனம் என்று எழுதினார்கள். பிட்டர் என்று நானும் கையெழுத்து வைத்தேன். இடது முழங்காலில் பெரிய கன்றல் என்று டாக்டர் எழுதியிருந்தார். விழுந்திருப்பாள் என்றார்கள். விழவில்லை, ஐயா. எத்தனை தரம் தள்ளியிருந்தால் அப்படிக் கன்றும் என்று எனக்குத் தெரியும். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அவள் வேலையை மகளுக்குக் கொடுத்தார்கள். கிருஷாந்தி. உயர்தரப் பரீட்சை எழுத இருந்த பிள்ளை. லயத்துக் காம்பராவில் தொடர்ந்து இருக்க வேண்டுமானால் யாராவது ஒருவர் பெயரில் வேலை இருக்க வேண்டும். அவளை அதே மெஷினில் போட்டார்கள். வேலைக்கு முந்தி தினமும் தகட்டை ஒரு தரம் தொட்டுப் பார்ப்பாள். அவள் அங்கே நிற்கிற வரைக்கும் அந்தக் கம்பி அங்கேதான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அஞ்சு மாதம் அப்படியே விட்டேன். அதையும் எழுதுங்கள்.

ஆனால் இரண்டாவது நெம்பு ஊமையாகவே கிடந்தது. கொழும்பு லேத்துக்காரர் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். முக்கால்வாசி திருத்திய சாமானைத் தினமும் பார்த்துக்கொண்டு தூங்குவது எப்படி என்று பிட்டர் வேலை செய்தவனுக்குத்தான் தெரியும்.

நேற்று ஞாயிறு, மெஷின் ஓடவில்லை. தகட்டுக் கம்பியைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு சைக்கிள் ஸ்போக்ஸைப் போட்டுக் கறுப்பு அடித்தேன். பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. சாயங்காலம் இரண்டு முழங்காலையும் வைத்து வாசித்தேன். பத்துத் தந்தியும் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறியது. பக்கத்துக் காம்பராவில் ஜன்னலைச் சாத்தினார்கள். ஏஞ்சலா தலைவலி என்று அடுத்த லயத்து அழகம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பரவாயில்லை. எனக்குக் கேட்டது.

இன்றைக்குக் காலையில் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் கிருஷாந்தி நின்றாள். இன்றைக்குக் கொழுந்து அதிகம், மத்தியானம் இரண்டு மணிக்கு மெஷின் போடுவார்கள், தள்ளுவது அவள்தான்.

"மாமா, அந்தத் தகடு நல்லாத்தானே இருக்கு? நேத்து நீங்க பெக்டரிப் பக்கம் போனதக் கண்டேன், அதான் கேட்டேன்."

"நல்லா இருக்கு. பயப்படாம நில்லு" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் பஸ் ஏறித் தலவாக்கலைப் பொலிசுக்கு, உங்களிடம் வந்தேன்.

கம்பியைத் திரும்பப் போட்டுவிட்டு வந்திருக்கலாமே என்று பார்க்கிறீர்கள். அதைக் கழற்றினால் கிட்டார் முழுவதையும் மறுபடி சுருதி கூட்ட வேண்டும். இரண்டு வாரம் எடுக்கும். மெஷினை நிறுத்தச் சொல்வது உங்களுக்கு ஒரு போன் பேச்சுத்தானே.

என் கடமையை நான் செய்துவிட்டேன். ஒன்றையும் மறைக்கவில்லை, ஒழுங்காக முதலில் இருந்தே சொன்னேன். சாட்சிக்கென்று கம்பிகளை எடுப்பதாக இருந்தால் இழுக்க வேண்டாம், முதலில் மரையைத் தளர்த்தச் சொல்லுங்கள்.

ஏன் இப்படிப் பதறி எழும்புகிறீர்கள்? சுவரைப் பார்க்கிறீர்கள். இரண்டுக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்று போனை எடுக்கிறீர்கள். அந்தக் கடிகாரத்தைப் பற்றித்தானே, ஐயா, வந்ததும் வராததுமாகச் சொன்னேன்.