பாதித் துணி

— ரப்பி உன் கறைத் துணியைப் பாத்துட்டாரு, ஸீஸல். தீட்டுதானாம். மறுபடியும் முதல்லேர்ந்து கறையில்லாத ஏழு நாள் எண்ணு.

— இன்னிக்கு ஏழாவது நாள், அத்தே. பொழுது சாஞ்சதும் மிக்வேக் குளத்துல முங்கி சுத்தமாகணும்.

— முங்குவே. அடுத்த வாரம்.

— அதுக்குள்ள கரு தங்குற நாள் போயிடும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. முங்காம உங்க பிள்ளை விரலைக்கூட நான் தொட முடியாது. நாலு வருஷமா மாசாமாசம் இதே கதை.

— நம்ம யூதச் சட்டத்தை டாக்டரம்மாவா போட்டா? நல்லா கேட்டுக்கோ. பெசாக் பண்டிகை வரைக்கும் பாப்பேன். அப்பவும் வயிறு காலின்னா என் பிள்ளை லேய்பிஷுக்கு வேற பொண்ணு.

— உங்களுக்கு மட்டும் வரிசையாவா பொறந்துச்சு? ஒன்பது வருஷம் கழிச்சு ஒத்தைப் பிள்ளை.

— அது மேல இருக்கிறவன் விட்ட வழி. வாயை மூடிக்கிட்டு காரட்டைச் சீவு.

— சரி. ரப்பி துணியை எங்க வச்சுப் பாத்தாரு?

— எங்க பாப்பாரு? மேஜை விளக்குலதான்.

— அவர் விளக்குல பாக்கவே மாட்டாராம். ஜன்னலோரம், பகல் வெளிச்சம் மட்டும்தானாம்.

— யார் சொன்னா?

— அவர் வீட்டம்மா. காலையில ரப்பிக்குக் கொடுத்தனுப்புற கவர்ல போடறதுக்கு முன்னாடி கறையோட சேத்து துணியைப் பாதியா வெட்டினேன். ஒரு பாதி உங்க கையில. மறு பாதியை நானே கொண்டு போனேன்.

— வெக்கங்கெட்டவளே.

— ரப்பிகிட்ட கொண்டு போக உங்க பிள்ளைக்கு வெக்கம்னுதானே கவரை உங்ககிட்ட கொடுத்தோம்? சுத்தம், இன்னிக்கே முங்கலாம்னு ரப்பி சொல்லிட்டாரு. உங்க வீட்டுக் கவர் ஒண்ணுகூட இங்க வந்ததில்லையேன்னு கேட்டாங்க அந்தம்மா. எல்லாம் எங்க போச்சு, அத்தே?

— குப்பையில. அந்த அசிங்கத்தைத் தூக்கிக்கிட்டு நான் அடுத்தவன் வாசல்ல நிக்கணுமா? பழுப்பைப் பாத்தா எனக்குத் தெரியாதா தீட்டுன்னு?

— இந்தப் பழுப்பு தீட்டே இல்லை. பாத்து சொல்றதுக்குத்தானே அவர் இருக்காரு? நாலு வருஷமா என் வயித்துக்குப் பூட்டு போட்டது நீங்கதான்.

— நல்லாப் பாத்தாரா?

— ரெண்டு தடவை.

— பகல் வெளிச்சத்துலயா?

— அதான் சொன்னேனே. ஏன், இன்னும் என்ன குத்தம் கண்டுபிடிக்கணும்?

— எனக்கும் மாசாமாசம் இதே பழுப்புதான், ஸீஸல். ஒன்பது வருஷமும் யாரையும் கேக்காம நானேதான் தீட்டுன்னு முடிவு பண்ணினேன்.