முள்ளு முப்பது காட்டினா

ஓம், முன்பக்கம் மட்டும் புதுப் பெயின்ட்தான். அதச் சொல்றன், இருங்க. முதல்ல ஓடுமா எண்டு கேட்டீங்க. ஓடும். கிளிவெட்டியில நெல்லு ஏத்திக்கொண்டு கண்டிக்கே போகலாம்.

கதிரையில இருங்க அருளம்பலம் அண்ண. லொறி விக்கிற கதை எண்டா என்ட கூடப்பிறந்த மூத்தவர், ஸுஹைர் காக்கா, அறைக்குள்ள போய்ப் படுத்திருவார். அதான் நான் கதைக்கிறன். உம்மா திரைக்குப் பின்னால நிக்கிறா. பரவாயில்ல.

இது சண்டைக் காலத்து லொறி. வெள்ளக்காரன் துறைமுகத்த விட்டுப் போகக்குள்ள வாப்பா ஏலத்தில எடுத்தது. பாரம் இழுக்கும், ஆனா முப்பது மைலுக்கு மேல போனா எஞ்சின் கத்தும். மீன் ஏத்திக்கொண்டு கண்டிக்குப் போய்ச் சேரக்குள்ள ஐஸ் பாதி தண்ணியாப் போயிரும். ஸுஹைர்ட மாடு வருது, வழி விடுங்க எண்டு துறையடியில பகிடி பண்ணுவாங்க. கடைசியில மீன் முதலாளிமார் ஒவ்வொருத்தரா வேற லொறி பிடிச்சிட்டாங்க.

அதுக்குப் பொறகுதான் காக்கா பின் அச்சில கை வெச்சார். எஞ்சின் அதேதான். முந்தி, பின் சில்லு ஒருக்காச் சுத்த ஷாஃப்ட் ஏழு தரம் சுத்தோணும். அந்தப் பல்லுச் சில்லக் கழட்டிப்போட்டு, உடைஞ்ச பஸ் ஒண்டில இருந்து வேற எடுத்துவந்தார். அது நம்மட அச்சுக் கூட்டுக்குள்ள இறங்கல்ல. லேத்தில குடுத்துக் கடைஞ்சு, கழட்டி, திரும்பக் கடைஞ்சு, ரெண்டு மாசம் போயிட்டு.

பல்லெண்ணிப் பார்த்தது நான்தான். காலேஜில கணக்குப் படிச்சனான். கிறீஸோட கொண்டுவந்து குசினி மேசையில வெச்சிட்டார் எண்டு உம்மா அவருக்கு நல்லா ஏசினா. பெரிசில முப்பத்தஞ்சு பல்லு, சின்னதில ஏழு. அப்ப அஞ்சு சுத்துத்தான். அதே எஞ்சின் சத்தத்தில நாப்பத்திரண்டு மைல். காக்கா அண்டைக்குச் சிரிச்ச மாதிரி பொறகு சிரிக்கல்ல.

பிரேக்கா? அதுக்கும் புது லைனிங் அடிச்சது. பிரேக்கில ஒரு பிழையுமில்ல.

முள்ளுதான் விசயம். வேகம் காட்டுற முள்ளுக்குக் கம்பி கியர் பொட்டியில இருந்து வருது. பின்னால பல்லு மாத்தினது அதுக்குத் தெரியாது. முப்பது காட்டினா நீங்க நாப்பத்திரண்டில போறீங்க. இருபது எண்டா இருபத்தெட்டு. காக்காக்கு மனசில இருக்கும், வேற ஆள் ஓட்டினா? அட்டவணையா எழுதி முள்ளுக்குப் பக்கத்தில ஒட்டிவிடு எண்டார். சிவப்பு மையில கோடடிச்சு எழுதினன். அண்டைக்கு வீட்டில கோந்து இல்ல.

அடுத்த நாள் காக்காக்குக் கடும் காய்ச்சல். மீன் ஏத்தியாச்சு. அபூதாஹிர் மச்சானுக்குச் சொல்லி அனுப்பினார். நான் ஒட்டியிருப்பன் எண்ட நினைப்பு அவருக்கு.

அபூதாஹிர் மச்சான் எனக்கு நிச்சயம் பண்ணினவர். நிக்காஹ்வுக்கு ஒம்பது நாள் இருந்திச்சு. முப்பதுக்கு மேல ஓட்டவே மாட்டார். அவருக்குப் பின்னால போறவன் இறங்கித் தொழுதுட்டு வந்தும் பிடிக்கலாம் எண்டு சொல்லுவாங்க.

வாசல் முத்தத்தில நிண்டு, மாமி, லொறியப் பத்தி காக்கா ஏதும் சொன்னாரா எண்டு கேட்டார். நான் திரைக்குப் பின்னால, உம்மா இப்ப நிக்கிற அதே இடத்தில. மடிச்ச தாள உம்மாட்ட நீட்டினன். உம்மா தாளப் பார்த்தா, என்னப் பார்த்தா. ஒம்பது நாள் பொறுக்க ஏலாதா உனக்கு, எண்டா. வெளியில அவர் மெல்லமாச் சிரிச்சது கேட்டுச்சு.

இது அவருக்கு எழுதின காயிதமில்ல, கணக்கு எண்டு சொல்லியிருந்தாக் காணும். என்ட குரல் அவருக்குக் கேக்குமே எண்டு சொல்லல்ல. தாளப் புத்தகத்துக்குள்ள வெச்சிட்டன். லொறி வெளிக்கிட்டுப் போயிட்டு.

கந்தளாய் தாண்டி ஒரு வளைவு. ஓம், மரத்தில, முன்பக்கம் அடிபட்டு. கூடப் போன ஐஸ்காரர் ஸெய்னுதீன் நானா மட்டும் கை முறிஞ்சு தப்பிட்டார். வாறவங்க போறவங்களுக்கெல்லாம் இண்டைக்கும் சொல்லுவார், முள்ளு சரியா முப்பதிலதான் நிண்டிச்சு எண்டு.

காக்கா நினைக்கிறார், ஒட்டின தாள மச்சான் கவனிக்கல்ல எண்டு. உம்மா நினைக்கிறா, அது காயிதம்தான் எண்டு. இல்ல, நான் மெதுவாக் கதைக்க மாட்டன். கேக்கட்டும் எண்டுதான் கதைக்கிறன்.

திரை ஆடுதா? அது உம்மாதான்.

இந்தாங்க, தாள். மடிப்பில கொஞ்சம் கிழிஞ்சிருக்கு, எண்ணெல்லாம் தெரியும். கொண்டு போகக்குள்ள ஒட்டிட்டுப் போங்க. இப்ப வீட்டில கோந்து இருக்கு.