நிருபன் கேட்ட புகையடுப்பு

பாரை மீனைப் புகையில வாட்டினால் அதுக்கு ஒரு தனி ருசி, ஐயா. அதை எனக்குப் பழக்கினது என்ரை மருமகன் நிருபன்தான்.

நிலாவெளியில ஒரு ஹோட்டலில அவன் சமையல். இறைச்சிக்குப் புகை போடுற அடுப்பு அங்கை இருந்தது. அதுமாதிரி ஒண்டு வீட்டிலயும் வேணும் எண்டு ஆசைப்பட்டான். நான் துறைமுக வேலைத்தளத்தில இரும்பு ஒட்டியே காலம் கழிச்ச ஆள். "மாமா, உங்களுக்கு ஏலும்" எண்டான்.

எண்ணெய்ப் பரல், பெரிய இரும்புப் பீப்பாய் ஒண்டு வாங்கி, எரிச்சுக் கழுவி, கதவு வெட்டி, உள்ளுக்குக் கம்பித்தட்டு வைச்சன். அடியில கரிப்பெட்டி. வீட்டுக்குப் பின்னால சாய்ப்பா இறக்கின பத்தியில அதை நிப்பாட்டி, புகைக்குழாயைக் கூரைக்கு மேலால எடுத்துவிட்டன். மழைக்குப் பத்தியைச் சுத்தித் தகரமும் அடிச்சோம். ரெண்டு பேரும் சிரிச்சுக் கதைச்சுச் செய்த வேலை. அவனைக் கெட்டவன் எண்டு நான் ஒருநாளும் சொல்லமாட்டன்.

முதல் மீன் வாட்டின அண்டைக்குத்தான் சொன்னவன், கனடாவுக்கு விசா வந்திட்டுது எண்டு. என்ரை மகள் சிவரூபியையும் கூட்டிக்கொண்டு போறானாம்.

"நீங்களும் பிறகு வாங்கோ, மாமா."

சிவரூபிக்குச் சின்னனிலயிருந்து மூச்சு இழுப்பு, ஐயா. தாய் போனபிறகு அவளின்ரை நெஞ்சைத் தடவிவிட்டது நான். அந்தக் குளிருக்குள்ள ஆர் தடவுவினம்? அவளுக்கு அது விளங்கேல்லை. சந்தோசமாப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

போன கிழமை விடாத மழை. நிருபன் இரவு வேலை முடிச்சு வந்து, பயண விருந்துக்கு எண்டு கோழியைப் பரலுக்குள்ள வைச்சான். தணல் பிடிச்சதும் பக்கத்துச் சாய்கதிரையில சரிஞ்சவன், அப்பிடியே நித்திரையாப் போனான். சாரல் அடிக்குது எண்டு நான் பத்திக் கதவைச் சாத்தினன். பிறகு ஏணி வைச்சு ஏறி, ஈரச் சாக்கைச் சுருட்டிக் குழாய் வாயில வைச்சன். அமத்தி வைச்சன். கரித்தணலின்ரை நஞ்சுக்கு மணமில்லை. நித்திரையில ஆளுக்கு நோகாது. அதையும் யோசிச்சுத்தான் செய்தனான்.

நான் இறங்கிப் பின்வாசலில வந்து இருக்க, சிவரூபி அவனுக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தாள்.

"இவர் ஒண்டும் சாப்பிடேல்லை, அப்பா. எழுப்பட்டோ?"

"படுக்கட்டும், பிள்ளை. களைச்சு வந்தவன்."

அந்தத் தேத்தண்ணியை அவள் எனக்குத் தந்தாள். குடிச்சன்.

செத்தவீட்டில அவளைத் தாங்கிப் பிடிச்சது நான்தான். அழுது அழுது இழுப்பு வந்தபோது நெஞ்சைத் தடவினதும் நான்தான். பாருங்கோ, நான் பக்கத்தில இல்லாட்டி என்ன ஆகியிருக்கும்?

கூரையில கிடந்த சாக்கை அவள்தான் எடுத்து உங்களிட்டைத் தந்தவள் எண்டு சொல்லுறியள். தந்திருப்பாள். அவளுக்கு ஒளிக்கத் தெரியாது. ஓம், நிருபனைச் சாகவைச்சது நான்தான். எழுதுங்கோ.

மூதூரில நிருபன்ரை தாயோட போய் இருக்கிறாளாம். தனக்கு அப்பா இல்லை எண்டு சொன்னாளாம். அது கோபத்தில சொல்லுற கதை. ரெண்டொரு நாளில வந்திடுவாள். வாற நேரம் வீடு பூட்டிக் கிடந்தால் பிள்ளை எங்கை போவாள், ஐயா? என்னை எப்ப விடுவியள்?