இறக்கம் எங்கள் ஆய்வில் இல்லை

ஓட்டத்தன்று காலை ஐந்து நாற்பதுக்குத் தேநீர் குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

ஆய்வகத்தில் என் வேலை ஆரஞ்சு உரிப்பது. பழம் வேண்டாம், தோல்தான் வேண்டும். அதிலுள்ள ஃபிளேவனாய்டு என்ற சத்தைப் பிரித்து கேப்ஸ்யூலில் அடைப்பேன். பதினோரு வருடமாக உரிக்கிறேன்.

அந்தச் சத்து சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு வேகம் தரும் என்பது பேராசிரியையின் நம்பிக்கை. என்னுடையதும். சோதனைக்கு முப்பத்தாறு பேர் வந்தார்கள். விடுமுறை நாளில் மட்டும் ஓட்டுகிற தையல்காரர், பல் வைத்தியர், குமாஸ்தா, அப்படி. பாதிப் பேருக்கு ஆரஞ்சு, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்பது அடைத்த எனக்கு மட்டும் தெரியும். வந்தவர்களில் என் தங்கை கணவரும் ஒருவர்; அவருக்கு ஆரஞ்சு. வேண்டியவர் என்பதால் அல்ல, சீட்டுக் குலுக்கலில் அப்படி விழுந்தது.

எட்டாவது வாரம் மலைச்சாலையில் உச்சி வரை ஏறி ஒத்திகை. மாவு தின்றவர்கள் முந்தினார்கள். பல் வைத்தியர் என் முதுகில் தட்டினார். "என்னய்யா குடுத்த? காலு ரெண்டும் பறக்குது."

அவருக்குக் கொடுத்தது மாவு. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"கடைசி ஓட்டத்துலயும் இப்படின்னா ஆய்வையே மூடிருவாங்கப்பா," என்றார், நான் பிரித்துக் கொடுத்த சராசரியைப் பார்த்த பேராசிரியை.

எண்களைத் திருத்தியிருக்கலாம். அது மோசடி. மாவுக்காரர்களின் டயரில் காற்றைக் குறைத்திருக்கலாம். அடுத்தவருக்குக் கெடுதல் செய்ய எனக்கு மனம் வராது. அதனால் ஆரஞ்சுக்காரர்களுக்கு உதவினேன்.

கடைசி ஓட்டத்துக்கு முந்தின இரவு, எடை பார்ப்பதற்காக சைக்கிள்கள் எங்கள் கொட்டகையில் நின்றன. பிரேக் கட்டை சக்கரத்தில் லேசாக உரசும். உரசினால் வேகம் போகும். ஆரஞ்சுக்காரர்களின் பதினெட்டு சைக்கிளிலும் கட்டைகளைக் கழற்றினேன். ஏறுகிறவருக்குப் பிரேக் எதற்கு? கிளம்பும்போது யாரும் பிடித்துப் பார்க்கவில்லை.

இறக்கத்தை யோசித்தாயா என்று கேட்கிறீர்கள். யோசித்தேன், இன்ஸ்பெக்டர் ஐயா. ஏழு வளைவு. அதற்குள் நேரங்களைக் குறித்து முடித்துவிடலாம் என்று பட்டது. மூன்றாவது வளைவைத் தாண்டி யாரும் போகவில்லை என்பது நீங்கள் சொல்லித்தான் தெரியும். ஆய்வு உச்சியோடு முடிகிறது. இறக்கம் அதில் இல்லை.

சராசரியில் நாற்பத்தொரு வினாடி வித்தியாசம். ஆரஞ்சு ஜெயித்தது. பேராசிரியை அழுதார். நான் எழுதிக்கொண்டிருந்தேன். தங்கை மாப்பிள்ளை வியர்வையைத் துடைத்துக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார். அவரோடு முதலில் வந்தவர்களும் திருப்பினார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை அவர்களிடம் கேட்டார்.

"ஏப்பா, கீழ யாரு மொதல்ல போய்ச் சேருறதுன்னு ஒரு கை பாத்துடலாமா?"