அடி விழுந்த இடம்

சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டு அம்மாள், பக்கத்திலிருந்த இளம்பெண்ணிடம் குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்:

"எங்கூட்டுக்காரருக்கு அடி எங்க உழுந்துச்சுன்னு கேக்கத்தான் கலெக்டர் ஆபீசுக்குப் போயிட்டு வாரேன்."

"என்ன அடிங்க்கா?"

"கரண்டு காசக் கொறைக்கச் சொல்லி ஊர்வலம் போனாங்கல்ல? போலீஸ் அடிச்சதுல போய்ச் சேந்துட்டாரு."

"ஆபீசுல என்ன சொன்னாங்க?"

"ரகசியமாமா. அடிச்சவன் பேரையா நான் கேட்டேன்?"

"நீங்க ஒடம்பப் பாக்கலீங்களா?"

"குளிப்பாட்டக்கூடக் குடுக்கல சாமி. அவிங்களே எரிச்சுப்போட்டாங்க."

"இனித் தெரிஞ்சு என்னங்க்கா பண்றது?"

பஸ் சங்ககிரியைத் தாண்டியபோது அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கனவுல வாராரு. பக்கத்துல வந்து படுத்துக்கறாரு. எந்த எடத்துல வலிக்குமோன்னு, தொடவே பயமா இருக்குது."