பூவரச மரத்தடியில் ஊற்றியது

என் பெயர் நர்மதா, வயது 28, கணவர் பெயர் தணிகைவேல். பொன்னேரி ஏரிக்கரைத் தெருவில் குடியிருக்கிறேன். கவரைப்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியையாக வேலை செய்து வருகிறேன். என் கணவர் வள்ளூரில் மின்நிலைய ஒப்பந்தத் தொழிலாளி. எங்களுக்கு நான்கு மாதப் பெண் குழந்தை உண்டு. இனி விடுப்பு கிடையாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டதால், குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுச் சென்ற மாதம் வேலைக்குத் திரும்பினேன்.

பகலில் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிடும். ஆகையால் மதிய இடைவேளையில் விளையாட்டுச் சாமான் அறையில் பாலைப் பீய்ச்சி ஒரு பாட்டிலில் எடுப்பேன். உடன் வேலை செய்யும் திலகவதி டீச்சர் கதவுக்கு வெளியே காவல் நிற்பார். பள்ளியில் ஃப்ரிட்ஜ் இல்லை, சாயங்காலம் வரை பால் தாங்காது. தாய்ப்பாலைக் கால்படும் இடத்தில் கொட்டினால் வற்றிவிடும், மரத்தடியில்தான் ஊற்ற வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். பள்ளியில் இருப்பது ஒரே ஒரு பூவரச மரம், அது குடிநீர்த் தொட்டியை ஒட்டி நிற்கிறது. ஏன் அங்கே நிற்கிறது என்று மரத்தை நட்டவரைத்தான் கேட்க வேண்டும்.

இன்று மதியம் நான் அங்கே ஊற்றியதை, என் மாணவனின் தந்தை அப்பாவு என்பவர் கேட்டுக்கு வெளியே ஆட்டோவில் இருந்தபடி பார்த்திருக்கிறார். அதன் பிறகு சிறிது நேரத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் சிலர் வாந்தி எடுத்தனர், அவர் மகனும் அதில் ஒருவன். அதன் பிறகு பெற்றோர் கூடிவிட்டனர். அப்பாவு என்னிடம், "தொட்டியாண்ட இன்னாத்த ஊத்தின? மருவாதயா சொல்லு" என்று கேட்டார். அத்தனை ஆண்கள் நடுவே உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர் என்று சொல்லிவிட்டேன். அவர் என் பையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கி, அடியில் மிச்சம் இருந்ததை எல்லோருக்கும் காட்டி, "தண்ணி வெள்ளையாவா கீது?" என்றார். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதன் பிறகு உண்மையைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

அதன் பிறகு தலைமையாசிரியர் திலகவதி டீச்சரை அழைத்துக் கேட்டார். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "எனுக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றார். அவருக்கும் வேலை போய்விடும் என்ற பயம் இருந்திருக்கலாம். அப்பாவு கத்தியதைவிட எனக்கு அதுதான் வலித்தது.

அதன் பிறகு என்னைக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்தனர். பாட்டிலும் தொட்டித் தண்ணீரும் சோதனைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் தேறிவிட்டதாகத் தெரிந்து நிம்மதி அடைந்தேன். நான்தான் அவர்கள் டீச்சர். என் கணவருக்கு ஷிப்டில் போன் எடுக்க அனுமதி இல்லை. விசாரித்த அனைவரும் பாட்டிலைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டனர். சாயங்காலம் பெண் காவலர் கன்னியம்மா, என் சேலை நனைந்திருப்பதைப் பார்த்துத் தன் துண்டைக் கொடுத்து, "கொயந்த இன்னேரம் இன்னாம்மா குடிக்கும்?" என்று கேட்டார். இன்று முழுவதும் என் குழந்தையைப் பற்றிக் கேட்டவர் அவர் ஒருவரே. அப்போதுதான் அழுதேன். விசாரணையில் அழுதேன் என்று எழுதுவதானால், எந்தக் கேள்விக்கு அழுதேன் என்பதையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) த. நர்மதா